வயலுக்கு நினைவிருக்கிறது, பிள்ளைக்கு மறந்துவிடுகிறது: துத்தநாகம் குறித்துச் சில சொற்கள்



பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறியை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் விவசாயி, வழியில் உரக்கடையில் ஏறி நெல் வயலுக்குச் ‘சிங்க்’ கேட்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவு வயலில் தூவவேண்டும் என்பதை அவருக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தூவாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். இளம்பயிர் வளர்ச்சி குன்றி நிற்கும். இலையில் துருப்போலப் பழுப்புப் படரும். வட இந்தியத் தராய்ப் பகுதியில் நெல்லைப் பாழாக்கிய இந்த நோயைக் ‘கைரா’ என்றழைத்தார்கள். கிருமியால் வருவதென்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 1966இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே, காரணம் கிருமியன்று, மண்ணில் துத்தநாகம் இல்லாமையே என்று நிறுவினார். அன்றிலிருந்து நாடெங்கும் வயலுக்குத் துத்தநாகம் இடுவது வழக்கமாயிற்று.

அதே விவசாயியின் வீட்டில், மாடக்குழியில், மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது செவிலியர் கொடுத்தது. அட்டையில் 14 மாத்திரைகள், தின்றது மூன்று, பதினொன்று மீதம். “வயிறு நின்றுவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?” என்று உம்மா நிறுத்திவிட்டார். அந்த அட்டையில் இருந்ததும் துத்தநாகம்தான். பயிருக்கு இட மறவாத சத்து பிள்ளைக்கு மறந்துபோயிற்று. அதே வீட்டு அலமாரியில், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் கொண்டுவந்த பெரிய துத்தநாகப் புட்டி, ‘எதிர்ப்பு சக்திக்கு’ என்ற பெயரில், பாதி காலியாக நிற்கிறது. குடும்பத்தில் அதை உண்பவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நாற்பது வயது ஆண்.

தேவைப்படுவோருக்குப் போய்ச் சேராமல், தேவைப்படாதோர் கையில் காசாகக் கரையும் இந்த நிலையைப் பற்றியே நாம் எழுத வந்தோம். துத்தநாகம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. எவருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்வியை நம் வீடுகள் கேட்பதில்லை என்பதே நம் வருத்தம்.

மனித உடலில் உள்ள துத்தநாகம் மொத்தமே இரண்டு முதல் மூன்று கிராம். ஒரு தேக்கரண்டியை நிரப்பாத அளவு. எனினும் முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் இதைச் சார்ந்தே இயங்குகின்றன. உயிரணு பெருகுவதற்கும், புண் ஆறுவதற்கும், நோயெதிர்ப்பு அணுக்கள் முதிர்வதற்கும், நாவின் சுவை உணர்வுக்கும், கருவிலுள்ள சிசுவின் வளர்ச்சிக்கும் இது வேண்டும். இரும்புச்சத்தைப்போல் இதைச் சேமித்துவைக்கும் களஞ்சியம் உடலில் இல்லை. ஆகவே அன்றாடம் உணவின் வழியே வரவேண்டும்.

மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரவே வராது என்றுதான் 1950களில் மருத்துவ உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் பீகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர். அவர் ஈரானின் ஷீராஸ் நகரில் பணியாற்றியபோது ஓர் இளைஞரை அவரிடம் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தொன்று, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. பருவமடைந்த அடையாளம் ஏதுமில்லை. கடும் சோகை வேறு. அவர் உண்டதெல்லாம் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி, இறைச்சி அரிது, அதோடு களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. அப்பகுதிக் கிராமங்களில் அவரைப்போல் பலர் இருந்தனர். இதனைப் பிரசாத்தும் உடன் பணியாற்றியோரும் 1961இல் வெளியிட்டனர். பின்னர் அவர் எகிப்துக்குச் சென்றார். அங்கும் கிராமத்து ஏழை இளைஞர்களிடம் இதே நிலையைக் கண்டு, இரத்தத்திலும் முடியிலும் துத்தநாகம் குறைந்திருப்பதை 1963இல் உறுதி செய்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். ஆயினும் அமெரிக்காவில் இச்சத்துக்கு அன்றாட அளவு நிர்ணயிக்கப்பட 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈரானியரும் எகிப்தியரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வயிறு நிறைய ரொட்டி உண்டவர்கள். தானியத்தின் மேலடுக்கிலும் பயறுகளிலும் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது குடலுக்குள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு, உடல் ஈர்க்க விடாமல் கழிவோடு வெளியேற்றிவிடுகிறது. தட்டில் சத்து இருந்தும் உடலுக்குக் கிட்டாத நிலை இது. மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் சிதைகிறது. நம் இட்லி, தோசை மாவு இரவெல்லாம் புளிப்பதும், பயறு ஊறி முளைவிடுவதும் இந்தச் சிக்கலைத் தணிக்கின்றன. நம் மூத்தம்மாமார்களுக்குப் பைட்டேட் என்ற பெயர் தெரியாது; ஆனால் ஆட்டுரலும் மாவுப் பானையும் தெரியும்.

இதனாலேயே நம் நாட்டின் பரிந்துரை அளவு மேலை நாடுகளைவிட உயர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பட்டியலில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 13.2, கருவுற்ற தாய்க்கு 14.5 மில்லிகிராம். சோறும் பருப்பும் மிகுந்த உணவிலிருந்து உடல் குறைவாகவே ஈர்க்கிறது என்பதைக் கணக்கிட்டே இந்த அளவு.

நம் வீடுகளில் இறைச்சி உண்டே, நமக்கென்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ நான்கைந்து மில்லிகிராம் துத்தநாகம் தருபவை. அதுவும் பைட்டேட்டின் தடையின்றி உடலில் சேர்வது. அரிசியில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். மைதாவில் அதனினும் சொற்பம். குற்றாலச் சாரல் நாள்களில் பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் கோழியும் உண்டு வருகிறோமே, அதில் துத்தநாகம் இருப்பது கோழியில், புரோட்டாவில் தேடவேண்டாம். எள், முந்திரி, பூசணி விதை, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலும் குறிப்பிடத்தக்க அளவு உண்டு. ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் சேர்கின்றன. இவ்வகையில் அது மிக நல்ல உணவு.

ஆனால் வீட்டில் இறைச்சி சமைத்தார்கள் என்பதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இறைச்சி உண்டார்கள் என்பதும் வேறு வேறு. முதற்பந்தியில் ஆண்கள், பின் சிறுவர்கள், இறுதியில் சட்டியைச் சுற்றி உட்காரும் பெண்களுக்கு ஆணமும் உருளைக்கிழங்கும். தென்காசி மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். எண்ணிக்கை முடியவேண்டும் என்ற அவசரத்தில் பகல் உணவு ஒரு குவளைத் தேநீரோடும் ஒரு வடையோடும் கழிகிறது. அவர்களோடு அமர்ந்து இலை வெட்டும் பதினைந்து வயது மகள்தான் அந்த வீட்டில் மிகுதியான துத்தநாகம் தேவைப்படுபவள். 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 19 விழுக்காட்டினருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயதினரில் 32 விழுக்காட்டினருக்கும் துத்தநாகக் குறைபாடு காணப்பட்டது. வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். அலமாரியிலுள்ள புட்டி அவளுக்காக வாங்கப்பட்டதன்று. அவளுக்குப் புட்டி வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டியிலிருந்து இரண்டு துண்டு கறி முதலில் அவள் தட்டில் விழட்டும். மனைவி மக்களுக்குச் செலவிடுவதை நற்கூலிக்குரிய தர்மமாகக் கருதும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, பந்தியின் வரிசையை மட்டும் மாற்ற முடியாதென்று நாம் கூறலாகாது.

இனி அந்தப் பதினான்கு மாத்திரைகளுக்கு வருவோம். மாத்திரையாக உட்கொள்ளும் துத்தநாகத்தின் பயன் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட இடம் சிறுகுழந்தையின் வயிற்றுப்போக்கு. இந்த அறிவு முதிர்ந்ததில் நம் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. புது தில்லியில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1995இல் வெளியாயிற்று. துத்தநாகம் பெற்ற குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. வங்கதேசத்திலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாகப் பரிந்துரை வெளியிட்டன: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராம். இந்தியாவில் 14 நாள் என்றே வகுத்திருக்கிறார்கள். வயிறு நின்ற பின்னும் ஏன் தொடரவேண்டும் என்றால், வயிற்றுப்போக்கின்போது குழந்தை துத்தநாகத்தையும் இழக்கிறது. புண்பட்ட குடலின் உட்சுவர் மீண்டும் வளர அது தேவை. முழுமையாகக் கொடுத்த குழந்தைக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்புக் குறைகிறது. மூன்றாம் நாளில் நிறுத்தும் உம்மா, தன்னையறியாமல் அந்த இரண்டு மாதப் பாதுகாப்பைக் குப்பையில் போடுகிறார்.

மாத்திரையை விழுங்கக் கொடுக்கவேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி தாய்ப்பாலிலோ, கொதித்து ஆறிய நீரிலோ, ஓ.ஆர்.எஸ். கரைசலிலோ இட்டால் தானே கரைந்துவிடும். உலோகச் சுவை சற்று இருக்கும். சில குழந்தைகள் வாந்தியெடுக்கலாம். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், 5 அல்லது 10 மில்லிகிராம் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்றும், வாந்தி குறைவு என்றும் கண்டார்கள். எனவே வாந்தியைக் கண்டு அஞ்சி நிறுத்தாமல், செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி அளவைக் கேட்டுக்கொள்வதே முறை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். உயிரைக் காப்பது முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் தாய்ப்பாலும், துத்தநாகம் அதற்குத் துணை. குழந்தை துவண்டு, கண் குழிந்து, சிறுநீர் கழியாமல் இருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் மாத்திரையைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இவ்விரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகள் வழியாகவும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2014 முதல் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்குத் தடுப்புக்கெனத் தனி இயக்கமே நடத்தி வீடு தேடியும் கொடுக்கிறார்கள். இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர் நாட்டில் 60 விழுக்காட்டை ஒட்டியும், துத்தநாகம் பெற்றவர் 30 விழுக்காட்டை ஒட்டியுமே இருந்தனர். விலையில்லாதது மதிப்பில்லாதது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. குற்றால சீசனில் ஊரெல்லாம் உறவினர் கூட்டம், வழியோரப் பண்டம், மாறிவரும் தண்ணீர் என்று குழந்தைகளின் வயிறு கெடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அந்த நாள்களில் நம் வீட்டில் இருக்கவேண்டியது அந்தச் சின்ன அட்டையும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும்.

அலமாரிப் புட்டியின் கதை வேறு. கொரோனாக் காலத்தில் வைட்டமின் சி-யோடு சேர்த்துத் துத்தநாகம் வீடுதோறும் புகுந்தது. அமெரிக்காவில் 214 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் கொடுத்தும், தொற்றின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு விரைவாகக் குறையவில்லை. பயனில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்தது, புட்டி வாங்கும் பழக்கம் ஓயவில்லை. சாதாரணச் சளிக்குத் துத்தநாகம் ஓரிரு நாள் முன்னதாக விடுதலை தரக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சான்று உறுதியானதன்று. மூக்கில் தெளிக்கும் துத்தநாக மருந்தால் நுகரும் உணர்வே போய்விட்டதாகப் புகார்கள் எழ, 2009இல் அமெரிக்க மருந்துத் துறை அதைப் பயன்படுத்தவேண்டாம் என்று எச்சரித்தது.

வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியாகவேண்டும். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியர், குறிப்பாகக் கணவர்கள், இரகசியமாக வாங்கி உண்ணும் புட்டிகளில் துத்தநாகம் தவறாமல் இடம்பெறுகிறது. ஷீராஸ் இளைஞரின் கதையே இவ்விளம்பரங்களுக்கு மறைமுக மூலதனம்: குறைபாட்டால் பருவமடையாதவர் துத்தநாகத்தால் பருவமடைந்தார், ஆகவே எல்லா ஆண்களும் உண்டால் வீரியம் பெருகும் என்று. வறண்ட வயலுக்கு நீர் பாய்ச்சினால் விளையும். நிரம்பிய வயலுக்கு மேலும் பாய்ச்சினால் பயிர் அழுகும். அமெரிக்காவில் 2,370 தம்பதியரைச் சேர்த்து, கணவருக்கு 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வெளியாயிற்று. விந்தின் தரமும் உயரவில்லை. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. வயிற்று உபாதைதான் மிகுந்தது. அந்தப் பணத்தோடும், அதைவிட மேலாக அந்த மாதங்களோடும், கணவனும் மனைவியும் சேர்ந்து தகுதியான மருத்துவரை முதலிலேயே பார்த்திருக்கலாம். வெட்கத்தை மூலதனமாக்கி விற்பவர்கள் மீது நமக்குக் கோபம் உண்டு.

அதனினும் பெருங்கோபம் மார்க்கத்தின் பெயரால் விற்பவர்கள் மீது. கருஞ்சீரகம், தேன், அதோடு துத்தநாகம் கலந்து, மேலே பிறையும் அரபு எழுத்தும் அச்சிட்டு, ‘நபிவழி மருத்துவம்’ என்று கைப்பேசியில் சுற்றுக்கு விடுகிறார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது உண்மை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, அந்த வணிகரைக் கண்டித்ததும் அதே நபியவர்கள்தாம். சந்தை ஊர்க்காரர்களான நமக்கு அந்த நிகழ்வை விளக்கவேண்டியதில்லை. குவியலின் அடியில் கைவிட்டுப் பார்ப்பது இன்று என்னவென்றால், புட்டியைத் திருப்பிப் பின்புறச் சிற்றெழுத்தைப் படிப்பதுதான்.

அங்கே முதலில் தேடவேண்டியது ‘எலிமெண்டல் சிங்க்’ என்ற அளவு; அதாவது தூய துத்தநாகத்தின் எடை. உப்பின் எடையும் துத்தநாகத்தின் எடையும் ஒன்றல்ல. 220 மில்லிகிராம் சிங்க் சல்பேட் என்று எழுதியிருக்கும் மாத்திரையில் தூய துத்தநாகம் 50 மில்லிகிராம்தான். குளுக்கோனேட்டில் ஏழில் ஒரு பங்கு. ஆக்ஸைடில் ஐந்தில் நான்கு பங்கு. எனினும் ஆக்ஸைடை உடல் சற்றுக் குறைவாகவே ஈர்க்கிறது. சிட்ரேட், குளுக்கோனேட் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உட்கிரகிக்கப்படுகின்றன. ‘பிக்கோலினேட்’ என்ற பெயருக்காக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க நாம் தக்க காரணம் காணவில்லை. மலிவான சல்பேட் வயிற்றைச் சற்றுக் குமட்டும். உணவுக்குப் பின் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். உணவாக விற்கப்படும் சத்துப்பொருளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கவேண்டும். அது இல்லாத புட்டியை, எவ்வளவு தக்வா உடையவர் விற்றாலும், வாங்கவேண்டாம்.

பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பதே மேல் வரம்பு. மருத்துவர் சொல்லி, குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட காலம் இதனைத் தாண்டுவது வேறு. 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் வாரக்கணக்கில் தாமாக உண்பவர்களுக்குத் தாமிரச் சத்து குறையத் தொடங்கும். துத்தநாகம் மிகுந்தால் குடல் அணுக்கள் ஒரு புரதத்தைப் பெருக்குகின்றன. அப்புரதம் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அணு உதிரும்போது தாமிரமும் கழிவாகிறது. தாமிரம் குறைந்தால் சோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம். சத்துக்காக உண்டது சத்தைத் தின்கிறது. உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறவேண்டாம் என்ற இறைக்கட்டளை இறைச்சிக்கும் பிரியாணிக்கும் மட்டும் உரியதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஹலால் பற்றிய கேள்வி தவறாமல் வரும், வரவேண்டும். கூட்டுறைகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது எந்த விலங்கின் எலும்பிலோ தோலிலோ பெறப்பட்டது, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது புட்டியில் பெரும்பாலும் இராது. ஜெலட்டின் உருமாற்றத்தால் தூய்மையாகிறதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தத் தீர்ப்பை நாம் வழங்கமாட்டோம், உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் துத்தநாகத்தைப் பொறுத்தவரை இந்தச் சங்கடமே தேவையற்றது. கரையும் மாத்திரையாகவும் சிரப்பாகவும், தாவர உறையிலும் கிடைக்கும்போது ஐயத்துக்குரியதை விட்டு ஐயமற்றதை எடுப்பது எளிது. கடற்சிப்பியிலிருந்து எடுத்த துத்தநாகம் என்று சில வெளிநாட்டுப் புட்டிகள் வருகின்றன. சிப்பியில் துத்தநாகம் மிகுதி என்பது மெய். ஷாஃபி மத்ஹபினருக்கு அதில் தடையில்லை. மீனைத் தவிர்த்த கடலுயிரை உண்ணாத ஹனஃபி வீட்டுக்கு அந்தப் புட்டியைப் பரிசாக எடுத்துச் செல்லும் முன் சற்று யோசிக்கவும்.

எவருக்குத்தான் மாத்திரை வேண்டும்? வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சொல்லிவிட்டோம். நீடித்த குடல் நோய் உடையோர், குடல் அறுவை செய்துகொண்டோர், உண்ணவே முடியாத முதியோர், ஆறாத புண்ணோடு கிடப்போர் ஆகியோரை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அந்த எண் தானே இறங்கிவிடும். முடி கொட்டுகிறது என்று வரும் இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் பார்க்கவேண்டியது இரும்புச்சத்தும் தைராய்டும்.

வேறு மருந்து உண்போர் கவனிக்க: சிப்ரோஃப்ளாக்ஸசின், டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளைத் துத்தநாகம் குடலிலேயே பற்றிச் செயலிழக்கச் செய்யும். அந்த மருந்தைத் துத்தநாகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்கவேண்டும். கருவுற்ற பெண்கள் உண்ணும் இரும்புச்சத்து மாத்திரையும் துத்தநாகமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டும் எழுதப்பட்டிருந்தால் ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரமளானில், பகலெல்லாம் வெறுவயிறாக இருந்து நோன்பு திறந்ததும் முதல் வேலையாகத் துத்தநாக மாத்திரையை விழுங்கினால் குமட்டும். தராவீஹ் முடிந்து உண்ணும் இரவு உணவுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.

வரும் சீசன் தொடங்குமுன், ஜுமுஆ முடிந்து மக்கள் கலையும்போது, கிராம சுகாதார செவிலியரைப் பள்ளிவாசல் முற்றத்துக்கு அழைத்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக அட்டையும் வீட்டுக்கு வீடு சேர்க்க இயலுமா என்று நம் மஹல்லா நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறோம். பெண்கள் மதரஸாவிலும் அதே நாள் சொல்லவேண்டும் என்பது நம் நிபந்தனை. அட்டையை மூன்றாம் நாள் மாடக்குழியில் வைப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பிற ஊர் ஜமாஅத்தினர் இதை முன்னரே செய்திருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எமக்கு எழுதுங்கள்.